மலர்க்கொடி வீட்டு மீதி வேலை

காலனியில் யாரைக் கேட்டாலும் மலர்க்கொடி வீட்டைக் காட்டுவார்கள். "வாசல்ல மணல் கொட்டிக் கீது பாரு, அதான். அந்தம்மா வூட்ல கொத்து வேல முடியவே முடியாது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். உண்மைதான். உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேர் புது வீடு கட்டிக் குடியேறி, அந்த வீடும் பழசாகிவிட்டது. மலர்க்கொடி வீட்டில் மட்டும் ஏதாவது ஒரு மூலையில் பூச்சு பாதியில் நிற்கும். குளியலறைச் சுவர் அடியில் ஒரு சாண் செங்கல் தெரியும். மத்தியான வேளையில் போனால், பாண்டுச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் பூச்சுக் கரணையை ஊறவைத்திருப்பாள்.

வேலை தெரியாதவள் அல்ல. கல்யாணமான வருஷத்திலிருந்தே சித்தாள். ஏனாத்தூர் பக்கம் எழும்பிய கட்டடங்களில் பாதிக்கு அவள் தலை கலவை சுமந்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் பொம்பளை கையில் கரணையைக் கொடுக்கமாட்டார்கள். கொத்தனார்களின் கையைப் பார்த்துப் பார்த்தே பூச்சு கற்றுக்கொண்டாள், கற்றதைச் சொந்த வீட்டில் செய்து பார்த்தாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கூரைக் கம்பி துருவேறி, சிமெண்ட் பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். பொங்கலுக்குப் பொங்கல் எதையாவது ஒன்றைச் சரிசெய்யாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அவள் புருஷன் எல்லப்பன் வேறு ரகம். வயல் வேலை இல்லாத நாளில் அவனும் கொத்து வேலைக்குப் போவான். இடது கைக்காரன். அவன் பூசிய சுவரில் கரணை ஓடிய வளைவுகள் மற்றவர்கள் பூச்சுக்கு எதிர்ப் பக்கமாகச் சுழன்றிருக்கும். கை சுத்தம், பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் எதையும் முடிக்கமாட்டான். அடுப்பங்கரைச் சுவரைப் பூசினான், தரையை ஒட்டி ஒரு சாண் விட்டுவிட்டான். பரணுக்கு விளிம்பு கட்டினான், ஒரு ஓரம் நின்றுபோனது. கேட்டால், "மீதி நாளைக்கு" என்பான்.

"உன் நாளைக்கு எந்தப் பஞ்சாங்கத்துல கீதுன்னு சொல்லு, நானும் பாத்துக்கினு இருக்கேன்" என்பாள் மலர்க்கொடி.

"எல்லாத்தையும் முடிச்சுட்டா அப்பால இந்த வூட்ல எனக்கு இன்னாடி வேல கீது?"

அவன் தவறாமல் செய்த காரியம் ஒன்றுதான். உச்சி வெயிலில் கஞ்சி நேரத்துக்கு, எங்கே இருந்தாலும் வந்து நிற்பான். இரண்டு கையிலும் சாமான் இருக்கும், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான்.

நாற்று நடவுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பூசாரி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அடைப்பு நட்சத்திரம் என்றார். அந்த நட்சத்திரத்தில் செத்தவரை வாசல் வழியாகத் தூக்கிப் போகமாட்டார்கள். பின்சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்துப் போவார்கள். போனவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் ஓட்டையை அடைத்துவிட வேண்டும். செத்தவருக்கு ஞாபகம் இருக்கும் வழி அது ஒன்றுதான். அது இல்லையென்றால் திரும்பி வரமுடியாது.

ஆம்பளைகள் அத்தனை பேரும் பாடைக்குப் பின்னால் போய்விட்டார்கள். அடைப்பதற்கு யாரும் இல்லை. மலர்க்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கலவை போட்டாள், தானே அடைத்தாள். கை வேலையில் இருந்த நேரம் அழுகை வரவில்லை. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள்கூட நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் ஓடின. மகள் நதியாவைத் திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்தாள். நதியா முதல் பிள்ளை உண்டாகி, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வரவேண்டிய நேரம் நெருங்கியது. மலர்க்கொடிக்கு ஒரே கவலை. வாசல் பக்கத்துச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. வலி எடுத்த மேல் சந்து மரகதத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள், பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இப்போது தார் ரோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு கதவு வைத்துவிட்டால் வண்டி வாசலிலேயே வந்து நிற்கும்.

ரெண்டு வீடு தள்ளி இருக்கும் ஆல்பர்ட்டிடம் வேலையைச் சொன்னாள். நல்ல கொத்தனார். எல்லப்பன் செத்தபோது அவன் பெங்களூரில் வேலையில் இருந்தான். "பின்சுவத்துல ஜன்னலுக்குப் பக்கத்துல ஒடைச்சு வை, தம்பி" என்று சொல்லிவிட்டு மலர்க்கொடி வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது நிலை நட்டு, சுற்றிக் கலவை போட்டு, ஆல்பர்ட் கை கழுவிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் அல்ல.

"இங்க ஒடைக்கச் சொல்லி யாருடா சொன்னது?"

"அக்கா, ஜன்னல் பக்கம் ஒரே கெட்டி. சுவரு முச்சூடும் தட்டிக்கினே வந்தேன். இங்க தட்டுனா சொத்தப் பல்லு மாதிரி சத்தம் கேட்டுச்சு. ரெண்டே போடு, பொலபொலன்னு வந்துடுச்சு. எவனோ அவசரத்துல அடைச்சிருக்கான்."

"எவனும் இல்ல. நான்தான் அடைச்சேன்."

டீ கொண்டுவந்த அவன் பெண்டாட்டி சோபியா நிலையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "அண்ணனை எடுத்துக்கினு போன வழியாச்சே இது! ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்ல? இந்த ஆளு என்னிக்கு என்னைக் கேட்டான், இன்னிக்குக் கேக்க."

"எங்களுக்கு நாளு கெழமல்லாம் கெடையாது" என்றான் ஆல்பர்ட். ஆனால் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

மலர்க்கொடி நிலையைத் தொட்டுப் பார்த்தாள். கலவை இறுகத் தொடங்கியிருந்தது. "வுடு. செத்தவன் செத்தான். வரப்போற புள்ளைக்கு வழி வோணும்" என்றாள்.

கதவு மாட்டிய மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. உச்சி வெயில். வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புதுக் கதவின் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. கதவு முழுசாகத் திறந்து சுவரில் இடித்து நின்றது, யாரோ தோளால் தள்ளியது போல. வாசலில் வெயில் மட்டும் இருந்தது. தட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய்த் தாழ் போட்டாள். மறுநாளும் அதே வேளைக்குத் திறந்தது.

ஆல்பர்ட் தூக்குகுண்டு விட்டுப் பார்த்தான், ரசமட்டம் வைத்துப் பார்த்தான். "நூல் புடிச்ச மாதிரி கீதுக்கா. கதவு தானா தொறக்க முடியாது" என்றான். கீலை மாற்றினான். கதவு மறுநாளும் திறந்தது.

நதியா வந்து சேர்ந்தாள், கை நிறையக் கண்ணாடி வளையலோடு. முதல் நாள் மத்தியானம் கதவு திறந்ததும், "யாரும்மா?" என்றாள்.

"காத்து."

வெளியே முருங்கை இலை அசையவில்லை. நதியா அதைப் பார்த்தாள். அடுத்த நாள் கதவு திறந்தபோது மூக்கைச் சுருக்கினாள். "வேர்வை நாத்தம் வருதும்மா. சிமெண்டும் வேர்வையும் சேந்தாப்ல. நைனா வூட்டுக்குள்ள நொழைஞ்சா அடிக்குமே, அதே." சொல்லிவிட்டு வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "நான் அத்த வூட்டுக்கே போறேன். எனக்கு இங்க வோணாம்."

பையில் துணியை அடுக்கத் தொடங்கினாள். பிள்ளைத்தாச்சி திரும்பிப் போனால் ஊர் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். பிறக்கும் பிள்ளையைக் காலில் கிடத்தித் தண்ணி ஊற்றுவது தான்தான் என்று மலர்க்கொடி எப்போதோ முடிவு செய்திருந்தாள். அது ஒன்றுக்காகத்தான் கதவே. பையைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு நாளு குடு எனக்கு. நாளைக்கு நீ சோபியா வூட்ல இரு. அந்தக் கதவு இருக்காது."

மறுநாள் விடிந்ததும் ஆல்பர்ட் வந்து நிலையைப் பெயர்த்து எடுத்தான். முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலுக்குப் பக்கத்தில், முதலில் சொன்ன இடத்தில் உடைக்கத் தொடங்கினான். பழைய ஓட்டையை மலர்க்கொடி எடுத்துக்கொண்டாள். முதல் தடவை அடைத்தவள் அவள்தானே. உச்சி வேளைக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். செங்கல் போதவில்லை, ஆல்பர்ட் போய் வாங்கி வருவதற்குள் வெயில் தலைக்கு நேராக ஏறிவிட்டது. முட்டி உயரத்துக்குத்தான் சுவர் எழும்பியிருந்தது.

ஓட்டைக்கு வெளியே நிழலில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. அது திடீரென்று எழுந்தது. குலைக்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு, வழியில் படுத்திருப்பவன் ஆள் வரும்போது ஒதுங்குவது போல ஓரமாக நகர்ந்தது. அதன் தலை மெதுவாக உயர்ந்தது. ரோட்டிலிருந்து ஓட்டை வரைக்கும் எதையோ தொடர்ந்து வந்த பார்வை ஓட்டைக்குள் போய் நின்றது. பிறகு பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

செங்கல் கூடையோடு நின்ற ஆல்பர்ட் அசையவில்லை. "இன்னாக்கா அது?"

"ஒண்ணுமில்ல. கல்லை எடு."

கை வேகமெடுத்தது. எல்லப்பன் வந்துபோகும் வேளை தாண்டிவிட்டது, இனி நாளைக்குத்தான் வருவான், நாளைக்கு வழி இருக்காது என்ற கணக்கில் கல் வைத்தாள், பூசினாள், மணியாசுக் கட்டையால் தேய்த்து மழமழப்பாக்கினாள். இருட்டுவதற்கு முன் சுவர் முடிந்தது, ஜன்னல் பக்கம் ஆல்பர்ட்டும் கதவை மாட்டிவிட்டான். உள்பக்கம் நின்று பார்த்தாள். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜன்னல் பக்கத்துக் கதவு அசையவில்லை. நதியா நிம்மதியாகத் தூங்கினாள். மலர்க்கொடியும் பல நாளைக்குப் பிறகு கண் அசந்தாள்.

எழுந்தபோது நதியா அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். "அம்மா, இத எப்போமா பூசுன? சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன், இந்தச் சந்துல கரப்பாம்பூச்சியா வரும். இன்னிக்குத்தான் ஒனக்குக் கண்ணுல பட்டுச்சா?"

மலர்க்கொடி குனிந்தாள். தரையை ஒட்டி, எல்லப்பன் விட்டுவைத்த ஒரு சாண் பூசி முடிந்திருந்தது. பூச்சு ஈரமாக இருந்தது. கண்ணாடி மாதிரி. விரலால் தடவினாள். கரணை ஓடிய வளைவுகள் எதிர்ப் பக்கமாகச் சுழன்றிருந்தன.

அவன் வரும் வழியைப் பற்றி மட்டும்தான் அவள் யோசித்திருந்தாள். வந்தவன் போய்விட்டானா என்று யோசிக்கவில்லை. அத்தனை நாளும் அந்தக் கதவு ஒரு தடவைதான் திறக்கும், வருவதற்கு. போவதற்குத் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

"எப்போ பூசுன, கேக்கறேன்ல?"

"காலையிலதான்" என்றாள். "ஈரம், கால்ல ஒட்டிக்கப் போது, தள்ளி நில்லு."

நதியா ஒன்றும் சந்தேகப்படவில்லை. வேர்வை வாடையைப் பற்றியும் பேசவில்லை. புதுப் பூச்சு வாடையில் அது கலந்துவிட்டதோ என்னவோ. அடுத்த மத்தியானம் பரணின் ஓரம் முடிந்தது. அதற்கடுத்து குளியலறைச் சுவர். பல வருஷமாக நாளைக்கு, நாளைக்கு என்று நின்றவை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தன. "பொண்ணு வந்ததும் மலருக்குக் கை வந்துடுச்சு பாரேன்" என்று சோபியாவே மெச்சினாள்.

மீதி இருந்தது வாசல் நிலைக்கு மேலே ஒரு கை அகலம் பூச்சு, அவ்வளவுதான். அன்றைக்கு உச்சி வேளையில் நதியா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பின்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து அல்ல. உள்பக்கத்தில் ஒரு மூலையில் தொடங்கி, தட்டிக்கொண்டே நகர்ந்தது, சொத்தையான இடத்தைத் தேடி ஆல்பர்ட் தட்டினானாமே, அப்படி. அடைத்த இடத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. இந்தத் தடவை மலர்க்கொடி கெட்டியாக அடைத்திருந்தாள். மறுபடி முதலிலிருந்து தட்டு. சுவர் முழுக்கத் தட்டி முடித்து, சத்தம் நதியா படுத்திருந்த பக்கத்துச் சுவருக்கு வந்தது. அவள் தலைமாட்டுக்கு நேராக வந்ததும் நகராமல் அங்கேயே தட்டியது.

எல்லாத்தையும் முடிச்சுட்டா அப்பால இன்னாடி வேல எனக்கு.

வழியைத் திறந்துவிட்டால் போவான். திறந்த வழியில் திரும்பியும் வருவான். நதியா பையைக் கட்டுவாள். மலர்க்கொடி சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். நேராக அடுப்பங்கரைக்குப் போய், தரையை ஒட்டி ஒரு சாண் பூச்சைக் கொத்திக் கீழே தள்ளினாள்.

சத்தம் கேட்டு நதியா எழுந்து வந்தாள். "நல்லாத்தானேமா இருந்துச்சு! பைத்தியமா ஒனக்கு?"

"நல்லா இல்ல. பொருக்கு தட்டிப்போச்சு."

"அப்போ பூசேன்."

"மீதி நாளைக்கு" என்றாள் மலர்க்கொடி, கொஞ்சம் சத்தமாக.

தலைமாட்டுச் சுவரில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

பிள்ளை பிறந்தது. ஆம்புலன்ஸ் ஜன்னல் பக்கத்துக் கதவு வரைக்கும் வந்து நின்றது. மூன்றாம் மாசம் வரை பிள்ளையைக் காலில் கிடத்தித் தண்ணி ஊற்றியது மலர்க்கொடிதான். நதியா புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது பள்ளிக்கூட விடுமுறைக்கு விடுமுறை பேத்தி வருகிறாள்.

மலர்க்கொடி இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். திரும்பி வந்து, முடிந்திருப்பது எது என்று பார்த்து, வேறொரு இடத்தில் ஒரு சாண் கொத்திவைக்கிறாள். தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வேலைக்குக் கிளம்பும்போது பாண்டில் கரணையை ஊறவைத்து, அதன் கைப்பிடியை இடது பக்கமாகத் திருப்பிவைக்க மறப்பதில்லை.