முதலாளிக்குத் தலைசுற்றிய நேரம்

மாசி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. விடிந்ததும் தோட்டத்துக் கேட்டைத் திறந்தேன். களத்தில் மிளகைக் காயப்போடச் சொன்னேன். முதலாளி மலையேறி வரும் நாள். வேலையை விட்டு நின்றுகொள்வதாக அன்று அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பழக்க தோஷத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இப்போது அவருக்குத் தேவையில்லை என்று நினைவு வருவதற்குள் விரலில் வாசனை ஏறிவிட்டது.

அந்த வாசனை வந்தால் எனக்கு முதலாளியின் பழைய ஜீப்தான் ஞாபகம் வரும். அடிவாரத்தில் வயலும் அரிசி மில்லும் வைத்திருப்பவருக்கு மலைமேல் மிளகுத் தோட்டம் ஒரு கூடுதல் பெருமை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அந்தப் பெருமையை மதித்ததில்லை. மேலே சோளக்காடு ஊர் வருவதற்குள் மனிதர் வெளுத்துப்போவார். இறங்கியதும் நாற்காலியில் சாய்ந்து, மடியில் வாளியை வைத்துக்கொண்டு, நான் அறுத்துக் கொடுத்த எலுமிச்சையை முகர்ந்தபடி கிடப்பார். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்று கையை ஆட்டுவார்.

தோட்டமே அதற்காகக் காத்திருக்கும். லீவு கேட்பவர், விறகு கேட்பவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்துவது மேஸ்திரியான என் பொறுப்பு. சோறு இறங்கித் தெளிந்துவிட்டால் "நான் எப்பச் சொன்னேன்?" என்பார். அதனால் கூரைக்குத் தகரம் கேட்டவன் அவர் கை கழுவுவதற்குள் ஏணி போட்டு ஏறியிருப்பான். ஏறியவனை இறக்க அவருக்குச் சோம்பல். அவருடைய தாராளம் அவ்வளவுதான்.

சில வருடங்களாக நானும் அந்த நேரம் பார்த்தே, வேலையை விட்டு நின்றுகொள்ளக் கேட்டு வந்தேன். மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. எங்கள் மரவள்ளிக் காட்டை அவள் தனியாகப் பார்க்கிறாள். "சரி" என்பார். சாப்பிட்டதும் "மொளகு முடியட்டும், கண்ணு" என்பார். இதற்கு ஏணி போடவும் வழியில்லை. சிரிக்காதீர்கள், எதையும் ஒழுங்காகச் செய்பவன் என்று பெயர் வாங்கியவன், வாளிக்குள் தலையை விட்டிருப்பவரிடம் போய் ஓய்வு கேட்டிருக்கிறேன்.

இப்போது புதுக் கார். ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டு, தூங்கியபடியே வந்து தெளிவாக இறங்குகிறார். வியாழனன்று அவர் சாப்பிட்டுப் பல் குத்தும்வரை பொறுத்திருந்து, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன்.

"ஏனுங்க, நாளைலருந்து வரமாட்டனுங்க. நின்னுக்கறனுங்க."

"நெழல்ல நிக்கறவனுக்கு எதுக்குப்பா ஓய்வு? மொளகு முடியட்டும்."

"இல்லீங்க. ஊட்டுக்காரிக்கு நடக்க முடியலீங்க."

"எந்த ஊருக்குப் போற?"

இத்தனை வருடம் கழித்து இந்தக் கேள்வி. "இதே மலைல, திருப்புலி நாடுதானுங்க. உங்க சன்னல்ல தெரியுதே, அந்தத் தகர ஊடு."

எட்டிப் பார்த்தார். "அதுவா? ஆட்டுப்பட்டின்னு நெனச்சேன்." பிறகு பல்குச்சியை எறிந்துவிட்டு, "போறப்ப ஊறுகா ஜாடிய மூடி வெச்சுட்டுப் போ" என்றார்.

மூடவில்லை. நான் திறந்து போட்டுவிட்டு வந்த முதல் ஜாடி அதுதான்.

அந்த ஜீப் இப்போது இல்லை. வாளியையும் காணோம். கேட்பதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை. தலைசுற்றிய அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் மனிதராக இருந்தார். அதையும் ஒரு மாத்திரையோடு விழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, சட்டைப்பையிலேயே கிடந்த எலுமிச்சம்பழத்தை அறுத்தேன். பாதியை மனைவியின் டீயில் பிழிந்தேன், பாதியை என் டீயில்.