வெள்ளிக்கிழமைக் கட்டம்

திரையைத் தொடுவதற்கு முன்னால் ரஞ்சிதா தன் வலது ஆள்காட்டி விரலைத் துப்பட்டாவில் இரண்டு முறை துடைத்துக்கொள்கிறாள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தூசியும் இல்லை. ஆனாலும் துடைக்காமல் தொட மாட்டாள். அந்த ஒரு விரலின் நகத்தை மட்டும் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். மற்ற ஒன்பது நகங்களிலும் நாத்தனார் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி பாதி வளர்ந்து நிற்கிறது.

திரையில் இருநூற்றுப் பதினான்கு பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் நாமக்கல்லைச் சுற்றியிருக்கும் ஒரு கோழி ஷெட். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவலை, சிவப்பு என்றால் ஆபத்து. ஒரு பொட்டைத் தொட்டால் அது விரிந்து, அந்த ஷெட்டுக் கோழிகள் நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தன, எவ்வளவு தீவனம் தின்றன, எத்தனை முட்டை இட்டன, எத்தனை செத்தன என்று கட்டம் கட்டமாகக் காட்டும். இரண்டு விரலால் தள்ளினால் நாட்கள் முன்னும் பின்னும் நகரும். பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் உண்டு. முட்டை ஏற்ற வரும் லாரி எந்தப் பண்ணையிலிருந்து அடுத்து எந்தப் பண்ணைக்குப் போகிறது என்பதைச் சொல்லும் கோடுகள் அவை.

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஐந்து வருடமாக அவள் செய்யும் ஆராய்ச்சி இதுதான். மலைபோலக் குவியும் தகவல்களைப் படமாக்கி, அந்தப் படத்தைத் தொட்டு, திருப்பி, விரித்து, மனிதக் கண்ணுக்கு ஒளிந்திருப்பதைக் காட்டுவது. ஆராய்ச்சியின் பெயர் ஒன்றரை வரி நீளம். பண்ணைக்காரர்கள் அதையெல்லாம் வாயில் நுழைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் ‘பொட்டு டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்யாண வீடுகளிலும் அவள் கண் சும்மா இருக்காது. பந்தி எழுந்ததும் மற்றவர்கள் கை கழுவப் போவார்கள். இவள் மட்டும் நின்று, நூறு இலைகளையும் ஒரே பார்வையில் பார்ப்பாள். “தெக்கால வரிசைல மட்டும் பொரியல் அப்படியே கெடக்குது பாருங்க. அந்த வாளில உப்பு தூக்கலுங்க” என்பாள். சமையல்காரர் சுவைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். கணவர் இனியன் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். “எம்பட பொண்டாட்டி என்னையப் பாக்கறதே வாராவாரம் கட்டம் போட்டுத்தானுங்க. திங்கக்கெழமை மஞ்சளு, ஞாயித்துக்கெழமை செகப்பு” என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சென்ற வருடம் ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது.

அந்த ஆடியில் நடந்ததை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பண்ணைகள் அனுப்பும் சாவுக் கணக்கில் சனிக்கிழமைதோறும் ஒரு மேடு எழும்பும். இந்த ஷெட், அந்த ஷெட் என்றில்லை, எல்லா ஷெட்டுகளிலும் அப்படித்தான். ஆட்கள் சோம்பலில் வாரக் கடைசியில் சேர்த்து எழுதுகிறார்கள் என்று அவளாகவே முடிவு கட்டினாள். படம் கரடுமுரடாக இருந்தால் ஆய்வுக் குழு முகம் சுளிக்கும். அந்தச் சனிக்கிழமை மேட்டை எடுத்து ஏழு நாட்களுக்கும் நிரவி விடும்படி கணினிக்குச் சொல்லிவிட்டாள். படம் வழவழவென்று அழகாக வந்தது.

ஆடியின் இரண்டாவது வாரம் ஒரு பண்ணையில் மெய்யாகவே சீக்கு வந்தது. சனிக்கிழமை மேடு மலையாக எழுந்தது. கணினி அவள் சொல் தட்டாத பிள்ளையாக அதை நிரவிவிட்டது. பொட்டு பச்சையாகவே நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முட்டை லாரியோடு சீக்கு பதினொரு ஷெட்டுக்குப் போயிருந்தது. கடைசி இரண்டு ஷெட்டுகள் மயிலம்மாளுடையவை. கணவரை இழந்தவர், அந்தக் கோழிகளை நம்பித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து ரஞ்சிதா போனபோது ஷெட் காலியாகக் கிடந்தது. பதினாறாயிரம் கோழி கொக்கரித்த இடத்தில் காற்று மட்டும் கூண்டுக் கம்பிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. பின்னால் குழிமேல் சுண்ணாம்பு.

மயிலம்மாள்தான் அவளைத் தேற்றினார். “நீ என்ன பண்ணுவே சாமி? மிஷினு சொல்லுலயே.”

மிஷின் சொல்லத்தான் பார்த்தது. அதன் வாயைப் பொத்தியது தன் கைதான் என்று சொல்ல ரஞ்சிதாவுக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் நிரவலை எடுத்துவிட்டு, ஒரு வருடத்தையும் ஏழு பத்தியாக மடித்துப் பார்த்தாள். ஞாயிறு, திங்கள் என்று வரிசை ஓடியது. வெள்ளிக்கிழமைப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமை. ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு கோழிகூடச் சாகவில்லை! ஒரு பண்ணைக்குப் போய்க் கேட்டாள். கூண்டு கூட்டிக்கொண்டிருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னுங்க டீச்சர், படிச்சவீங்க இப்பிடிக் கேக்கறீங்க? வெள்ளிக்கெழம லட்சுமி ஊட்டுக்கு வர்ற நாளுங்க. அன்னைக்குப் போயி நோட்டுல சாவு எழுதுவாங்களா? அடுத்த நாள் சேத்தி எழுதிக்குவோமுங்க.”

யாரும் பொய் எழுதவில்லை, யாரும் சோம்பலும் படவில்லை. அவள்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் படத்தில் வெள்ளிக்கிழமையின் சாவுக் கட்டத்துக்கு நிறம் கிடையாது. சாம்பல் கோடு மட்டும் போட்டிருப்பாள். “பூஜ்யம் வேற, தெரியாதது வேற” என்று மாணவர்களிடம் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லிவிடுகிறாள்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

ஒன்பதே காலுக்குப் பண்ணைக்காரர் கண்ணுசாமியின் மூன்றாம் ஷெட்டைத் தொட்டவள் விரலை எடுக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. நேற்று தீவனமும் இறங்கியிருக்கிறது. முட்டை ஒரே நாளில் எண்ணூறு குறைவு. சாவுக் கட்டத்தில் சாம்பல் கோடு. அந்தப் பொட்டிலிருந்து நான்கு கோடுகள் கிளம்பி நான்கு பண்ணைகளுக்குப் போகின்றன. லாரி பத்தரைக்குப் புறப்படும்.

கைபேசியில் அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினாள். இருபத்திரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் மயிலம்மாளின் காலிக் கூண்டுகள் கண்முன் ஆடிக்கொண்டே வந்தன.

பண்ணை வாசலில் கிருமி மருந்துத் தொட்டியில் காலை நனைத்து, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனபோது பத்தேகால். லாரியில் முட்டை அட்டைகள் முக்கால்வாசி ஏறியிருந்தன. அலுவலக அறை வாசலில் நின்றிருந்த கண்ணுசாமி அவளைப் பார்த்ததும் முகத்தை இழுத்துப் பிடித்துச் சிரிப்பாக்கினார்.

“வாங்க பொட்டு டீச்சர்! தாக்கல் சொல்லாம வந்திருக்கறீங்க. டீ சொல்லட்டுங்களா?”

“மூணாம் ஷெட்டுல இன்னைக்கு எத்தனைங்கண்ணா?”

அவர் சிரிப்பு கலையவில்லை. கண்கள் மட்டும் ஷெட்டின் பின்பக்கம் போய் வந்தன. “வெள்ளிக்கெழமையுமா அதைக் கேக்கறது? நாளைக்கு நோட்டு வருமுங்க, பாத்துக்கலாம்.”

“நாளைக்கு லேட்டுங்கண்ணா. இந்த வண்டி இன்னும் நாலு பண்ணைக்குப் போவுது.”

“போனா என்னுங்க? வெயிலுக்கு நாலு கோழி விழுவுது. அதுக்குப் போயி சீக்குன்னு ஒரு பேரு வந்திருச்சுன்னா, பொறவு எம்பட கேட்டுப் பக்கம் ஒரு வண்டி திரும்புமுங்களா? இருவது வருசமாச் சேத்த பேருங்க டீச்சர்.” குரல் உடைந்தது. “இன்னைக்கு ஒரு நாள் உடுங்க.”

லாரி ஓட்டுநர் காளியப்பன் ஆரன் அடித்தார். “அண்ணா, கயிறு கட்டிறலாமுங்களா?”

அறைக்குள் மேசைமேல் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் கண்ணுசாமியின் அக்காள் அங்காளம்மாள். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து நோட்டு அவர் கையெழுத்துதான். நெற்றியில் அகலமாகக் குங்குமம், தலையில் ஈரம் காயவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நேரே ஒரு சிறு கோடு கிழித்துப் பேனாவை மூடி வைத்திருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

ரஞ்சிதா அறைக்குள் போனாள். மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அக்கா, இது போன ஆடி. இந்தப் பொட்டுத்தான் மொதல்ல சீக்கு வந்த பண்ணை. விரல வெச்சு வலத்தால தள்ளுங்க.”

அங்காளம்மாள் தம்பியைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுடு பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டுத் தள்ளினார். வெள்ளி சனியானது, அந்தப் பொட்டு சிவந்தது. ஒரு கோடு சிவந்தது. கோட்டின் முனையில் ஒரு பொட்டு சிவந்தது. இன்னும் தள்ளினார். மூன்று, ஆறு, பதினொன்று. கடைசியில் அருகருகே இரண்டு.

“இது ஆருதுங்க?”

“மயிலம்மாக்கா பண்ணைங்க. இப்ப அடுத்தவீங்க பண்ணைல கூண்டு கூட்டறாங்க.”  இதுவரை யாரிடமும் சொல்லாததை ரஞ்சிதா சொன்னாள். “அன்னைக்கு மிஷினு செகப்புக் காட்டியிருக்குமுங்க அக்கா. படம் அழகா இருக்கோணும்னு நான்தான் அதை அழிச்சு வெச்சிருந்தேன். அந்தக் கோழியெல்லாம் என்னாலதானுங்க போச்சு.”

 கண்ணுசாமி வாசலைத் தாண்டி அறைக்குள் வந்தார்.

அங்காளம்மாள் விரலை இடப்பக்கம் இழுத்தார். சிவப்பெல்லாம் வடிந்து பச்சையானது. வலப்பக்கம் தள்ளினார். மறுபடி சிவந்தது. மறுபடி இழுத்தார். மூன்று முறை அப்படியே செய்தார். மூன்றாம் முறை எல்லாம் பச்சையாக இருக்கும் வெள்ளிக்கிழமையிலேயே விரலை நிறுத்திக்கொண்டார்.

“இதுல இழுத்தா ஓடியாந்துருது சாமி” என்றார் மெல்ல. “நெசத்துல வராதுங்களே.”

வெளியே லாரியின் என்ஜின் உறுமத் தொடங்கியது.

“அக்கா...” என்றார் கண்ணுசாமி. கெஞ்சலும் மிரட்டலும் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

“சும்மாரு தம்பி.” அங்காளம்மாள் நோட்டை மூடித் தள்ளி வைத்தார். “வெள்ளிக்கெழமை எங்கையால சாவு எழுத மாட்டேன். இத்தன வருசம் எழுதுனதில்ல, இனியும் எழுதறதில்ல. வாயால சொல்றேன், நீ எழுதிக்க கண்ணு. நேத்து நோட்டு மூடுனதுக்குப் பொறவு பதினேழு. இன்னைக்கு வெடிஞ்சதும் நாப்பத்தி மூணு. இப்ப நீ வாரதுக்கு முன்னால இன்னொரு கூடை குழிக்குப் போச்சு. அத ஆரும் எண்ணுல.”

ரஞ்சிதா சாம்பல் கட்டத்தைத் தொட்டு எண்ணைப் பதிவு செய்தாள். இந்த முறை விரலைத் துடைக்க மறந்துபோனாள். மூன்றாம் ஷெட்டின் பொட்டு மஞ்சளில் நிற்காமல் நேராகச் சிவந்தது. தான் நினைத்தது சரி என்று தெரியும் நேரத்தில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு முகம் மலருமாம். அவளுக்குக் கண் நிறைந்து திரை கலங்கியது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு எண்களைச் சொன்னாள். அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பச் சொன்னாள்.

“டாக்டர் ரத்தம் எடுத்துப் பாக்கற வரைக்கும் கேட்டைத் தாண்டி ஒரு வண்டியும் போகப்படாதாமுங்க. முட்டையும் போகப்படாது, அட்டையும் போகப்படாது.”

கண்ணுசாமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.  பிறகு, எழாமலே, வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

“காளியப்பா. வண்டிய நிறுத்து. சாவியக் கொண்டாந்து இங்க வெய்யி.”

காளியப்பன் உள்ளே வந்து விவரம் கேட்டார். சாவியை மேசைமேல் வீசாத குறையாகப் போட்டார். “நாலு பண்ணைக்காரன் எனக்குப் போனு மேல போனு போடறான். அவனுக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்? நம்ம லாரிதான் சீக்கு சொமக்குதாம். டீச்சரம்மா ஸ்கூட்டரு பாலுல குளிச்சிட்டு வந்துச்சாக்கும்! அது மட்டும் ஊரு ஊராப் போலாமாட்ட இருக்குது.”

“டேய், ஆருகிட்டப் பேசறோம்னு தெரியுதா?” என்று சீறினார் அங்காளம்மாள்.

ரஞ்சிதா வெளியே நின்ற தன் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். இன்று மதியத்துக்குள் அவள் போகவேண்டிய பண்ணைகள் இன்னும் இரண்டு இருந்தன. பையைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். மேசைக்கு வந்து, லாரிச் சாவிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.