தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், ஓர் அமாவாசைக் காலையில், என் பேத்தியைத் தொலைத்தேன். நாற்பது நிமிடம் இருக்கும். சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், கைக்கடிகாரத்தை நான் பார்க்காதது அல்ல. பத்துத் தடவையாவது பார்த்தேன். முள் ஓடியது தெரிந்தது, மணி என்ன என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் மணி பார்க்க மறந்துபோன மனிதனிடம்தான் நாலரை வயதுப் பிள்ளையை நம்பி ஒப்படைத்திருந்தார்கள்.

என் மகளுக்கு அது இரண்டாவது பிரசவம். நாள் குறித்ததற்கு ஒரு மாதம் முன்பே வலி வந்து, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பையன். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மருமகன் துபாயில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. மகளுக்குத் துணையாக என் மனைவி போய்விட்டாள். பேத்தியும் நானும் திண்டிவனம் வீட்டில். பையன் இன்றைக்குத் தவழ்ந்து வந்து என் செருப்பைக் கடிக்கிறான். அன்றைக்கு அவன் தேறுவானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. வருகிறவர்களைக் கிண்டல் செய்யாமல் ஒரு பக்கம்கூட நகல் எடுத்துக் கொடுத்ததில்லை. ஆதார் அட்டையை நீட்டினால், இதில் இருப்பது நீங்களா உங்கள் பாட்டனாரா என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு எதற்கெடுத்தாலும் நடுக்கம். அது வெளியே தெரிவதற்குள் ஒரு ஜோக்கைத் தூக்கி முன்னால் வைத்துவிடுவேன். பேத்திக்கென்று நான் வைத்திருந்த ஜோக், தவிடு.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரைத் தவிட்டுக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. பிள்ளை தங்காத வீடுகளில் நிஜமாகவே அப்படி ஒரு வழக்கம் உண்டு. குழந்தையை மேல்மலையனூர் அம்மன் கோயிலில் கிடத்திவிடுவார்கள், வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள், பெற்றவள் தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொள்வாள். இவ்வளவு மலிவான பிள்ளை நமக்கு எதற்கு என்று எமன் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மற்ற வீடுகளில் அது வெறும் கேலி. "உன்ன மேல்மலையனூர்ல ரெண்டு படி தவிட்டுக்கு வாங்கினோம், அதுவும் சலிச்ச தவிடு" என்பேன். பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். "நீதான் தவுடு" என்று என் தொப்பையில் குத்துவாள்.

தம்பி பிறந்த மூன்றாம் நாள் அதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "தம்பியையும் தவுட்டுக்கா வாங்கினோம்?" என்று கேட்டாள். ஜோக் நீள்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "இல்ல, அவன் நம்ம சொந்தப் புள்ள" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் தங்கமாகிவிட்டாள். பாலை ஒரே மூச்சில் குடித்தாள். செருப்பைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். தண்ணீர் குடிப்பதற்குக்கூட என்னிடம் அனுமதி கேட்டாள். நான் மனைவிக்குப் போன் போட்டு, நீயும் உன் மகளும் நாலு வருஷமாகப் படிய வைக்க முடியாத பிள்ளையை நான் நாலே நாளில் படிய வைத்துவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன். நாலரை வயதுப் பிள்ளை திடீரென்று நல்ல பிள்ளையானால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். என் கையில் தோசைக் கரண்டி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தேன். பேத்தி கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவியின் குரல் கம்மியிருந்தது. குழந்தை மூச்சுவிட ரொம்பச் சிரமப்படுகிறது, இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நான் மேல்மலையனூர் ஆத்தாவுக்கு வேண்டிக்கினேங்க. புள்ளைய கொண்டுபோய் கோயில்ல விட்டுட்டு, தவுட்டுக்கு வாங்கிக்கலாம்னு. நீங்க காத்தால பாப்பா துணிமணியெல்லாம் எடுத்துக்கினு கெளம்பி வந்துடுங்க. அவ அவங்கம்மாகூட இங்கயே இருக்கட்டும்."

சரி என்றேன். தோசை கருகியது. பேத்தி எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நாளைக்கு எங்க தாத்தா போறோம்?"

விழுப்புரத்துக்கு, அம்மாவைப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் விழுப்புரம் என்று வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, கைக்குப் பழகிய ஜோக்கை எடுத்தேன். "உன்ன வாங்குன எடத்துக்குத்தான். திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம்" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் பையை எடுத்து வந்து, மடித்த துணிகளைத் தானே அடுக்கினாள். பொம்மையை மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது தம்பிக்கு என்றாள். எவ்வளவு பெரிய மனசு பார் என்று நான் அதற்கும் பெருமைப்பட்டேன்.

காலையில் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அமாவாசை என்பதால் ஸ்பெஷல் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் "மேல்மலையனூர், மேல்மலையனூர், ஏறு ஏறு" என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். விழுப்புரம் வண்டி எங்கே நிற்கும் என்று ஒருவரிடம் கேட்கத் திரும்பினேன். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது என் கையில் அவள் பையின் வார் மட்டும் இருந்தது. பை இருந்தது. பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் பைக்குள் கையை விட்டுத் தேடினேன். பிறகு நேரக்காப்பாளர் அறைக்கு ஓடி, அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். பேத்தியின் பெயர் மறந்துவிட்டது. "பாப்பா, தாத்தா இங்க இருக்கேன் வா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறேழு பாப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் மனைவியின் வயது இருக்கும்.

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் என்னை உட்காரவைத்து, என்ன கலர் டிரஸ் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். உடுத்திவிட்டது நான்தான், அது நீலம். போட்டோ கேட்டார். போனில் அவள் படம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, எல்லாம் நான் எடுத்தது. ஒன்றில் நாய்க்காது, ஒன்றில் பூனைமீசை, ஒன்றில் நாக்கு ஒரு முழத்துக்குத் தொங்குகிறது. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "சார், புள்ளையோட மூஞ்சி மூஞ்சியாவே இருக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது என்னைக் கொன்றது.

ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டி. ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றையும் தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? நடைமேடையில் நின்று வாய்விட்டு அழுதேன். வழிவிடுய்யா என்று இடித்துக்கொண்டு போனார்கள்.

அவளைக் கண்டது பெண் போலீஸ்தான். கழிப்பறைப் பக்கச் சுவரோரம் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய கூடைக்குப் பின்னால், முந்தானைக்குள் பேத்தி ஒடுங்கியிருந்தாள். நான் பாய்ந்தேன். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுய்யா. யார் நீ? புள்ள உன்கூட வரமாட்டேன்னுது. எங்கியோ விக்கிறதுக்கு இட்டுக்கினு போறியாமே."

போலீஸ் என் பக்கம் திரும்பிய அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் தாத்தா என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரம், நாய்க்காதோடு எடுத்த படங்கள்.

குனிந்து கூப்பிட்டேன். பேத்தி முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தொந்தரவே பண்ணல தாத்தா. பால்கூட குடிச்சேன். அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போறனே."

எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. பால், செருப்பு, தட்டு, பொம்மை. ஆறு நாளாக அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் தங்குவதற்குத் தகுதி காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தவிடும் இல்லை ஒன்றும் இல்லை, நீ எங்கள் பிள்ளைதான், தாத்தா சும்மா சொன்னேன் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ இப்பத்தான் வெளாட்டுக்குச் சொல்ற."

வாழ்நாள் முழுக்க ஜோக்கே சொல்லி வந்தவன், வேண்டிய நேரத்தில் ஓர் உண்மையைச் சொன்னால் அதுவும் ஜோக்கில்தான் சேரும். இனி ஒரே வழிதான். மகளுக்கு வீடியோ கால் போட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நடந்ததை முழுதாகச் சொன்னேன், முந்தின நாள் நான் சொன்னதையும் விடாமல். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை அவகிட்ட குடுங்கப்பா என்று மட்டும் சொன்னாள்.

"உன்ன யாரும் வாங்கலடி. நான்தான் பெத்தேன். நீ பொறந்தன்னிக்கு உங்க தாத்தா பயத்துல ஆஸ்பத்திரி வராண்டாவுல மயங்கி வுழுந்துட்டாரு. எனக்குப் போட வெச்சிருந்த குளுக்கோஸ அவருக்குப் போட்டாங்க. அங்க இருந்த நர்சுங்க எல்லாம் சிரிச்சாங்க."

அது உண்மை. நாலரை வருடமாக வீட்டில் யாரும் வாய்திறக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டிருந்த உண்மை. மல்லாட்டை அம்மா சிரித்தார். போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தி சிரிக்கவில்லை. நெசமா என்று அம்மாவைக் கேட்டாள். நெசம் என்றாள் மகள். பேத்தி முந்தானையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

விழுப்புரம் வண்டியில் ஏறினோம். அவள் என் மடியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்ததும் அவரிடம், என்னிடம் இல்லை, இது எங்கே போகிற பஸ் என்று கேட்டாள். விழுப்புரம் பாப்பா என்றார். கூட்டேரிப்பட்டில் இன்னொரு தடவை கேட்டாள். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடியும் பொறுமையாகச் சொன்னார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி வீட்டுக்கு வருமா தாத்தா?"

பழக்கம் விடுமா? பெட்டியில் ஏசி நன்றாக இருக்கிறதாம், வரமாட்டேன் என்கிறான் என்று ஒன்று தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"தெரியல பாப்பா. தாத்தாவுக்கும் பயமாத்தான் இருக்குது."

என் முகத்தைப் பார்த்தாள். கண்டக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இது நெசமா என்று அவள் அவரிடம் கேட்கவில்லை.