அன்ரன் அண்ணையும் என் சர்வீஸும்

அன்ரன் அண்ணை போய்விட்டார். இன்று விடியற்காலை தொழில் முடித்துக் கரைக்கு வந்து, வலையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்தான்... எழும்பவில்லை.

ஊர்காவற்றுறையில் எட்டு வருடமாக என் பட்மின்ரன் டபுள்ஸ் பார்ட்னர். அஞ்சலி எழுதத்தான் ஃபோனை எடுத்தேன். ஆனால் பின்னேரம் செத்த வீட்டில் ஒரு கதை கேட்டேன். அதற்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன். துக்கத்தில் மட்டும் இல்லை, கோபத்திலும்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு... நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு மாஸ்டர். கோர்ட்டிலும் மாஸ்டர்தான். பட்மின்ரன் சட்டங்களை பிரிண்ட் எடுத்து, லமினேட் பண்ணி, கோர்ட் மதிலில் ஒட்டியவன் நான்.

எங்களுக்கு அம்பயர் எல்லாம் கிடையாது. வேலை முடிந்து வருகிற ஆட்கள், இருட்டுவதற்குள் மூன்று கேம். யாராவது ஷட்டிலை இடுப்புக்கு மேலே வைத்து சர்வீஸ் போட்டால் எனக்குப் பொறுக்காது. "ஃபோல்ட்!" என்று கத்திவிடுவேன்.

அன்ரன் அண்ணையின் முறை வேறு. பிழையான சர்வீஸ் வந்தால் அடிக்க மாட்டார். கையால் பிடித்துவிடுவார்.

"சொறி தம்பி, நான் ரெடியில்லை. கொஞ்சம் கீழை பதிச்சு இன்னொருக்காப் போடும்."

போடுகிறவனுக்கு விளங்கிவிடும். விளங்காவிட்டால், மூன்றாம் தரம் நெட்டுக்குக் கிட்டப் போய் மெல்லச் சொல்லுவார். அவ்வளவுதான்.

"அவன்ரை பிழைக்கு நீங்கள் ஏன் அண்ணை சொறி சொல்லுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் நாளைக்கும் விளையாட வரவேணுமெல்லே, மாஸ்டர்."

புளியங்கூடலிலிருந்து விளையாட வருகிற சீலனை ஒருமுறை நான் அவனுடைய மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் ஏசிவிட்டேன். "மதிலிலை சட்டம் கிடக்கு, வாசிச்சுப்போட்டு வாரும்" என்று. இரண்டு கிழமை அவன் வரவில்லை. அன்ரன் அண்ணைதான் மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

போன வருடம் மண்கும்பானில் ஒரு சின்னச் சுற்றுப்போட்டி. அங்கேயும் அம்பயர் இல்லை. ஃபைனலில் அதே சீலன் சோடிதான் எங்களுக்கு எதிர். தொடங்க முதல் அன்ரன் அண்ணை அந்தப் பக்கம் போய், சீலனின் தோளில் கைபோட்டு ஏதோ கதைத்தார். வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடைசி ஐந்து பொயின்ரும் என் சர்வீஸில் எடுத்தது. கப் என் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

இன்று செத்த வீட்டில் சீலன் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அந்த மனுசனைப் போல ஆரும் இல்லை மாஸ்டர். உங்கடை சர்வீஸுக்காக எத்தினை பேரோடை கதைச்சவர்..."

"என்ரை சர்வீஸுக்கு என்ன?"

திடுக்கிட்டுப் போனான். பிறகு வேறு வழியில்லாமல் சொன்னான். நான் ராக்கெட்டைப் பாதி கொண்டுவந்து, ஒரு கணம் நிறுத்தி, எதிராளி அசைந்த பிறகுதான் அடிக்கிறேனாம். அப்படி நிறுத்தினால் ஃபோல்ட். நான் ஒட்டிய சட்டத்திலேயே இருக்கிறது.

"'மாஸ்டரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அந்தாள் தாங்காது' எண்டு புதுசா வாற எல்லாரிட்டையும் சொல்லுவார். ஃபைனலுக்கு முதலும் எங்களிட்டைச் சொன்னவர்."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம் மாஸ்டர்."

அவன் இதை அன்ரன் அண்ணையின் நல்ல குணமாகத்தான் சொன்னான்.

எட்டு வருடம். நான் யார் யாரைப் பார்த்து ஃபோல்ட் என்று கத்தினேனோ, அத்தனை பேரும் என் ஃபோல்ட்டைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு...

நான் கேட்காமலும் இல்லை. ஒருநாள் நேரே கேட்டேன். "அண்ணை, என்ரை சர்வீஸிலை ஏதும் பிழை இருக்கோ?"

ஷட்டிலின் இறகைத் தடவிக்கொண்டு சொன்னார். "உம்மடை சர்வீஸிலை ஆர் மாஸ்டர் பிழை பிடிக்கிறது?"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவன் நான்.

அண்ணை, முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் மூன்றாம் தரம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, எனக்கு ஒரு தரம் சொல்ல மனம் வரவில்லையா? என்னைப் பார்ட்னராக நினைத்தீர்களா, இல்லை பக்குவமாகப் பார்க்க வேண்டிய நோயாளியாக நினைத்தீர்களா?

சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். உண்மைதான். இரண்டு நாள் கோர்ட்டுக்கு வராமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் வந்திருப்பேன் அண்ணை. அந்தளவுக்குக்கூட என்னை நம்பவில்லையே நீங்கள்.

செத்த வீட்டிலிருந்து எழும்பி வெளிக்கிடும்போது அவருடைய மனைவி மேரி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பெட்டி தூக்கேக்கை நீங்கள்தான் முன்னுக்குப் பிடிக்கவேணும் மாஸ்டர். உங்களிட்டை மட்டும்தான் இந்தாள் மனம் விட்டுக் கதைக்கிறது."

ஓம் அக்கா என்றேன்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்குத் தேவாலயத்தில் பூசை. முன்னுக்கு நான்தான் பிடிப்பேன். கோபம் ஆறவில்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை.