நகல் இல்லை என்றவர்

அருளப்பன் அண்ணன் மறைந்த செய்தி, 2009 நவம்பர் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வந்தது. தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகியிருந்தேன். அதற்குப் பின் ஒரு வரியும் ஓடவில்லை. பர்மாவில், பான்சோடான் தெருவிலிருந்த எங்கள் மொழிபெயர்ப்புக் கடையில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைவிட ஏழே மாதம் மூத்தவர். கடைசிவரை ‘தம்பி’ என்றே அழைத்தார்.

1996 ஜூன் மாதம், மாவ்பி ஊரிலிருந்து மாரியம்மா என்ற பெண் ஓர் ஆங்கிலப் பாகப் பத்திரம் கொண்டுவந்தார். அவருடைய தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் நிலம் பிரித்துக்கொண்டபோது எழுதியது. தலைப்பில் ‘கவுண்டர்பார்ட்’ என்றிருந்தது. நான் பர்மியத்தில் ‘மித்தூ’, அதாவது நகல், என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எட்டாம் நாள் அழுதுகொண்டு வந்தார்.

“நில ஆபீசுல மித்தூ செல்லாதாம், சயா. அசல் இல்லேன்னா மனை எங்களுது இல்லேங்கிறாங்க.”

அண்ணன் பத்திரத்தை வாங்கிப் படித்தார். முற்காலத்து ஆங்கிலேயர் ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுப்பார்களாம். பற்கள் பொருந்தினால் இரண்டும் மெய். ‘கவுண்டர்பார்ட்’ எதிர்ப்பாகம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியே வந்த சொல், பிற்பாடு எந்த இணைக்கும் ஆகிவந்தது என்றார். அகராதியில் நகல் என்றும் இருக்கிறதே என்று நான் வாதாடினேன்.

“ஜோடிச் செருப்புல எதுய்யா நகல்?”

அழுகையினூடே மாரியம்மா சிரித்துவிட்டார். அண்ணன் நகல் என்பதை எடுத்துவிட்டு ‘இணை அசல்’ என்று புதிதாகத் தட்டச்சிட்டு, அவருடன் பேருந்தேறி மாவ்பி நில அலுவலகத்துக்கே போனார். மனை தப்பியது.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அதற்கு முன் எத்தனை பேருக்கு அப்படி எழுதினேனோ! ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் கடைக்கு வந்தார். கார்பன் படிகள் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார்.

“தெற தம்பி. தூக்கம் கெட்ட மூஞ்சி தெரியாதா எனக்கு?”

மூன்று பத்திரங்கள் அகப்பட்டன. இரண்டைத் திருத்திக் கொடுத்தோம். மூன்றாமவர் முருகேசன், ஷ்வேப்யிதாவிலிருந்து குடிபெயர்ந்திருந்தார்; எங்கே என்று தெரியவில்லை. திருத்திய தாளைப் பழைய விலாசத்துக்கே தபாலில் போட்டுவிடலாம் என்றேன்.

“தபால்காரன்கிட்டயா மன்னிப்புக் கேப்ப? ஆளைப் பாத்துக் கேளு.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணன் பதின்மூன்று ஆண்டுகள் முருகேசனைப் பற்றி விசாரித்தார். தவறு என்னுடையது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கடைசி வெள்ளிக்கிழமை, மருத்துவமனைக் கட்டிலிலும், “ஆளு கெடச்சாரா?” என்றுதான் கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். முருகேசனின் மகள் லைங் தாயா பகுதியில் தையல் ஆலைக்குப் போகிறாள் என்று அண்ணன் போன பிறகுதான் தெரியவந்தது. நேற்று அங்கே நான்கு தெருக்களில் கேட்டேன். நாளை ஐந்தாவது.