ஏழாம் கட்டிலின் மண்ணீரல்

மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை வைப்பதைப் போல வயிற்றெரிச்சல் தொழில் வேறு கிடையாது. நோயாளி பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம், வருங்கால டாக்டர் பொய் சொன்னால் மார்க் போட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில், பல் கிட்டும் ஜனவரிக் குளிரில், இந்த வேலைக்கு என்னை உட்கார வைத்தார்கள். என்றாவது டாக்டரிடம் வயிற்றைக் காட்டிப் படுத்திருக்கும் சக துரதிர்ஷ்டசாலிகளே, கேளுங்கள்.

எல்லோருக்கும் எழுபத்திரண்டு

முதலில் வந்தவன் கோட்டு மடிப்புக் கலையாத பையன். ஜுரத்தில் கொதித்துக்கொண்டிருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தான். தன் ஃபாரின் வாட்ச் என் கண்ணில் படுகிறதா என்று பார்த்தானே தவிர, முள்ளைப் பார்க்கவில்லை. நாடி எழுபத்திரண்டு என்றான். பக்கத்துக் கட்டிலுக்கும் எழுபத்திரண்டு. நான் பிடித்துப் பார்த்தேன். ஜுரக்காரருக்கு நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. எப்படியப்பா கணக்குப் பண்ணினாய் என்றேன்.

"நார்மல் அதுதானே, சார்!"

சிபாரிசு

சாயங்காலம் அவன் அப்பா ஃபோன் செய்தார். ஏதோ அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. பையன் கண் விழித்துப் படித்தான் என்று ஆரம்பித்தார். படித்தது சரி, நோயாளியைத் தொடத் தெரியவில்லையே, நாளைக்கு ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்றேன். மனிதர் அசரவில்லை.

"நோயாளியை அப்புறம் பார்த்துக்கலாம் டாக்டர் சாப், இப்போ என் பையனைப் பாருங்க!"

கம்பளிக்குள் ஒருவன்

மறுநாள் ஏழாம் கட்டிலில், மலேரியாவால் மண்ணீரல் வீங்கிய கட்டடத் தொழிலாளி. எந்தக் கட்டிலில் என்ன வியாதி என்பது முந்தின நாளே ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிடும். டிபார்ட்மென்ட் தலைவர் நாற்காலியை விட்டு எழாமல், கேஸ் ஷீட்டைப் பார்த்தே மார்க் போட்டுக்கொண்டிருந்தார். நாலு ஹாஸ்டல் பையன்கள் வந்தார்கள், தொட்டார்கள், மண்ணீரல் நாலு விரல் வீக்கம் என்று ஒப்பித்தார்கள்.

அடுத்து வசந்தா. சரோஜினி நகரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். ஹாஸ்டல் ரகசியம் அவளுக்கு எட்டாது. பொறுமையாக அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கமே இல்லை என்றாள். தலைவர் ஃபெயில் போடப் பேனாவைத் திறந்தார். மறுபரீட்சை வரை அவளுக்கு ஆறு மாதம் பாழ். அவள் என் பக்கம் திரும்பி, "ப்ளீஸ் சார், நீங்களே தொட்டுப் பாருங்கோ" என்றாள்.

தொட்டேன். வீக்கமாவது, மண்ணாவது! படுத்திருந்தவன் "கூசுதுங்க" என்று நெளிந்தான், தமிழில். யாரப்பா நீ என்றேன்.

"சீக்காளி எங்க அண்ணனுங்க, அவரு வெளிய வெயில் காயுறாரு. குளிருதேன்னு நான் படுத்தேன். ஆளாளுக்கு வந்து வயித்த அமுக்குறாங்க, எனக்கு இந்தி தெரியாதுங்களே!"

தலைவரின் தீர்ப்பு

எனக்கு ரத்தம் கொதித்தது. இல்லாத வீக்கத்தை அளந்தவர்கள் பாஸ், உள்ளதைச் சொன்னவள் ஃபெயிலா என்று வார்டிலேயே கத்தினேன். தலைவர் நிதானமாகப் பேனாவை மூடினார்.

"அரே பாய், நாலு பேர் மார்க்கைத் திருத்தறதைவிட, ஒருத்தியை ஃபெயில் பண்ணிடறது சுலபமில்லையா?"

அந்த மார்க் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் வசந்தா பாஸானாள், கூடவே அந்த நாலு பேரும் பாஸானார்கள்; ஐந்து பேரில் யாரிடம் போய் வயிற்றைக் காட்டுகிறீர்களோ, அது உங்கள் தலையெழுத்து.