சித்தியின் காது

வான்படைகளைப் பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் வாங்கிவிடுகிறேன். விமானங்களால் மட்டும் ஒரு போரை வெல்ல முடியுமா, இனி ஆளில்லா விமானங்களின் காலமா என்று அவை வாதாடுகின்றன. விழுந்த குண்டுகளுக்கு எல்லாவற்றிலும் கணக்கு உண்டு. நான் பார்த்த விமானங்களோ குண்டே இல்லாமல் வந்தவை.

நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த சனவரியின் கடைசி வாரம் அது. பெப்ரவரி நான்காம் திகதிச் சுதந்திர தினத்துக்கு விமானங்கள் ஒத்திகை பார்ப்பது அப்போதுதான் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவின் தங்கையான சித்தி போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. வடக்கிலிருந்து வருபவர்கள் இங்கே தங்குவதற்குக் கட்டாயமான பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. பிடிபட்டால் உள்ளேதான். வெளியே வாயே திறக்கக் கூடாது என்று அம்மா அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து மூவரும் காலி வீதி வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். காவலரணைத் தாண்டும்போது சித்தி திடீரென்று என்னையும் இழுத்துக்கொண்டு வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் குப்புற விழுந்தார். அதன் பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது. வீதியில் போனவர்கள் அண்ணாந்து விமானங்களைப் பார்த்தார்கள். காவலரணில் நின்ற சிப்பாய் சித்தியைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு நிலத்தில் விழுகிறவர் எங்கிருந்து வந்தவர் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் கையில் ஏந்திய துவக்கோடு நெருங்கி வந்தார். அம்மா கைப்பையைக் கிளறி, வீட்டுக் கதவுகளின் திறப்புக்கோர்வையை எடுத்துச் சித்தியின் கைக்குள் திணித்தார். வலிப்புக்கு இரும்பு கொடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

“ஃபிட்ஸ் மாத்தயா, ஃபிட்ஸ்!”

சித்தியின் நடுக்கம் நடிப்பல்ல. “சித்திக்கு வலிப்பே...” என்று தொடங்கிய என் தொடையில் அம்மாவின் நகம் இறங்கியது.

சிப்பாய் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “அனே, பவ்” என்று சிங்களத்தில் இரக்கப்பட்டு, தானே ஒரு திரீவீலரை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். அவர் உண்மையிலேயே நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டுக் கதவைத் திறப்பதற்குச் சித்தியின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. உள்ளே போனதும் அம்மாவுக்குக் குரல் வந்தது.

“நடுரோட்டில விழுந்து, எல்லாரையும் உள்ளுக்குப் போடப் பாக்கிறியோ?”

“நானெங்கயக்கா விழுந்தனான்? உடம்பெல்லோ விழுந்தது.”

என் கவலை வேறு. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குள் விமானத்தை முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான்.

“எனக்கு முதல் உங்களுக்கு எப்பிடிக் கேட்டது? எனக்கும் பழக்கி விடுங்கோ சித்தி.”

என் சட்டையில் அப்பியிருந்த கான் சேற்றைத் துடைத்தபடி, “உனக்கு வேண்டாம் ராசா” என்றார்.

சொல்லித்தர மனமில்லாதவர் என்று எண்ணி, இரண்டு நாட்கள் நான் அவரோடு கதைக்கவில்லை.